ஹான்லேயில் 356 கண்ணாடிப் பலகைகளும் ஒரு வட்டத் தண்டவாளமும்

லடாக்கில் ஹான்லே என்ற ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே அமைத்த 'மேஸ்' என்னும் காமா கதிர்த் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று திறந்து வைக்கப்பட்டது. 21 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம், மொத்த எடை 180 டன். இவ்வளவும் ஆறு சக்கரங்களில், 27 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தின் மேல் சுழல்கிறது. ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இத்தனை ஆற்றலுள்ள காமா கதிரைக் கண்ணாடியால் திருப்பிவிட முடியாது. அது காற்று மண்டலத்தில் மோதியதும் துகள்கள் மழையாகப் பெருகி, 'செரன்கோவ் ஒளி' எனப்படும் மங்கிய நீல ஒளியைச் சிந்துகின்றன. சில நானோ வினாடிகளே நீடிக்கும் அந்த ஒளியைத்தான் கிண்ணம் 25 மீட்டர் தள்ளியிருக்கும் கேமராவில் குவிக்கிறது. கேமராவில் 1,088 ஒளியுணர் குழல்கள். ஒவ்வொன்றும் வானத்தில் பார்ப்பது எட்டில் ஒரு பாகை, அதாவது ஏழரைக் கலை. (பஞ்சாங்கக் கணக்குதான்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.)

கிண்ணம் ஒரே கண்ணாடி அல்ல. ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமான 356 பலகைகள். கண்ணாடி ஒரு கலை சாய்ந்தால் அதிலிருந்து திரும்பும் ஒளி இரண்டு கலை விலகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பலகையின் விளிம்பு 1 மில்லிமீட்டர் தூக்கினாலே அதன் ஒளி பக்கத்துக் குழலுக்குப் போய்விடும்! அதனால் பலகைகளின் பின்னால் சிறு மோட்டார்கள் உண்டு. பிரகாசமான ஒரு விண்மீனை நோக்கித் திருப்பி, கேமராவின் மூடியில் விழும் புள்ளிகளைப் படம் பிடித்து, எல்லாப் பலகைகளின் புள்ளிகளும் ஒன்றாகும்வரை நகர்த்துவது இவ்வகைத் தொலைநோக்கிகளில் வழக்கம்.

புள்ளிகள் ஒன்றுசேர்ந்தால் வேலை முடிந்ததா? இல்லை. படம் தெளிவாக இருப்பது வேறு. நாம் நினைத்த இடத்தைத்தான் பார்க்கிறோமா என்பது வேறு. கிண்ணம் நிமிர்ந்து சாயும்போது கேமராவைத் தாங்கும் கைகள் சற்றே தொய்யும். தண்டவாளம் ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் தாழ்ந்தால் முழு அமைப்பும் சுமார் 8 விகலை சாயும். இதற்குக் கண்ணாடியை நகர்த்திப் பயனில்லை. இடம் தெரிந்த பல விண்மீன்களை வானத்தின் எல்லாப் பக்கமும் பார்த்து, விலகலை அட்டவணையாக்கித் திருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வரும் தொய்வை இப்படிக் கழித்துவிடலாம். காற்று தள்ளுவதற்கும் பல்சக்கரத் தளர்ச்சிக்கும் அட்டவணை உதவாது.

சில கலைக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு துகள் மழையை மட்டும் வைத்துச் சொல்லும் திசையிலேயே பல கலை பிழை இருக்கும். நூற்றுக்கணக்கான மழைகளைச் சேர்த்தால் அந்தப் பிழை சுருங்கும். ஆனால் தொலைநோக்கியே இரண்டு கலை தள்ளி நின்றால், எத்தனை மழை சேர்த்தாலும் அந்த இரண்டு கலை அப்படியே இருக்கும். பால்வீதியில் வெடித்த விண்மீனின் எச்சமும் துடிவிண்மீனும் அடுத்தடுத்து இருக்கும் இடங்கள் உண்டு. அங்கே கதிர் எதிலிருந்து வந்தது என்ற தீர்ப்பு அந்த இரண்டு கலையிலேயே மாறிவிடும்.