குற்றங் காண்டலும் கூறலும்
மென்பொருள் சோதனைக் குழுவினர்க்கு வேண்டும் மென்திறன்கள்

குற்றம் காண்பதும் கண்டதை அவையறியக் கூறுவதும் ஒரு கலை என்பதைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நூல் அரங்கேறும் அவையில் புலவர்கள் தடை எழுப்புவதும், ஆசிரியர் விடை கூறுவதும், தடைவிடைகளைக் கடந்த நூலே உலகில் உலவுவதும் நம் மரபு. ஏறத்தாழ அதே பணியை இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து பல்லாயிரம் இளைஞர்கள் செய்துவருகின்றனர். வங்கியில் பணம் செலுத்தவும், தொடர்வண்டியில் இடம் பதியவும், மருத்துவமனையில் முறைச்சீட்டுப் பெறவும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களை, அவை மக்கள் கைக்கு வருமுன் இயக்கிப் பார்த்துப் பிழை காண்போர் அவர்கள். டெஸ்டர் என்று அலுவலகத்தார் வழங்குவர். சோதனையாளர் என்று நாம் சொல்லலாம். பகுதி ஒன்றில் நம்மிடம் தமிழ் பயின்று, கணிப்பொறிப் பயன்பாட்டியலில் பட்டம் பெற்றுச் சென்னைக்குச் செல்லும் மாணவருள் பலர் முதன்முதலில் அமர்வது அந்த நாற்காலியில்தான்.

அவ்வாறு சென்ற மாணவர் ஒருவர் ஆறு திங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில் என் இல்லத்திற்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "ஐயா, நான் கண்டு சொல்லும் பிழைகளை ஒருவரும் நம்புவதில்லை. 'என் கணினியில் ஒழுங்காகத்தானே ஓடுகிறது' என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுகிறார்கள்" என்றார். ஒரு பிழையை இருமுறை எழுதியிருக்கிறார். இருமுறையும் அது மூடப்பட்டது. மூன்றாம் முறை கடுஞ்சொல் கலந்து எழுதினார். நிரல் எழுதியவர் அன்று முதல் அவருடன் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பிழையோ வாடிக்கையாளர் கைக்கே சென்று சேர்ந்தது. அதன் பின்னர் நிகழ்ந்த கூட்டத்தில், "சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை?" என்ற வினா யாரை நோக்கி எழுந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. "வேலையை விட்டுவிடலாம் என்று எண்ணுகிறேன் ஐயா" என்று முடித்தார்.

நான் கணிப்பொறி இயல் கற்றவன் அல்லன். எனினும் அவர் துன்பம் கணிப்பொறியால் வந்ததன்று என்பது எனக்கு உடனே விளங்கிற்று. பிழையைக் காணும் கண் அவருக்கு இருந்தது. கண்டதைப் பிறர் ஏற்குமாறு கூறும் சொல்தான் வாய்க்கவில்லை. அதன்பின் இத்துறை சார்ந்த சில நூல்களையும் அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். அவற்றுள் நம் மாணவர்க்குப் பயன்படுவன சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மென்திறன் என்னும் சொல்

சாஃப்ட் ஸ்கில்ஸ் என்பதன் தமிழாக்கமே மென்திறன். இச்சொல் வணிக நிறுவனத்தில் தோன்றியதாகப் பலரும் கருதுவர். உண்மையில் அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சித் துறையினர் இதனை ஆண்டனர். 1972இல் இப்பொருள் பற்றித் தனி மாநாடே கூட்டினர். பொறிகளைக் கையாளும் திறன் ஒருபுறம். மனிதரையும் தாள்களையும் கையாளும் திறன் மறுபுறம். இப்பின்னதையே அவர்கள் மென்திறன் என்றனர். தாள் என்றது எழுத்துப் பணியை. இப்பகுதியை இன்று பலரும் மறந்துவிட்டனர். மென்திறன் என்றவுடன் கழுத்துப்பட்டை அணிவதும், கைகுலுக்குவதும், ஆங்கிலத்தில் விரைந்து பேசுவதும் என்று நம் மாணவர் நினைக்கின்றனர். பயிற்சி வகுப்புகள் சிலவும் அவ்வாறே கற்பிக்கின்றன. சோதனையாளருக்கு வேண்டும் மென்திறன் இவற்றுள் எதுவுமன்று. பொறுமையாகக் கேட்டல், தெளிவாக எழுதுதல், பிறர் மனம் நோகாமல் குறை கூறுதல், மறுப்பு வந்தபோதும் நிலைகுலையாது நிற்றல் ஆகியனவே அவை.

எட்டு நொடி

கேட்டலின் அருமையை உணர்த்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய தெராக் 25 என்னும் கதிர்வீச்சு மருத்துவக் கருவி, 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரையிலான காலத்தில் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். இவற்றுள் இரண்டு விபத்துகள் 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையில் நிகழ்ந்தன.

மார்ச்சில் விபத்து நேர்ந்தபோது கருவியின் திரையில் தோன்றியது 'மால்ஃபங்ஷன் 54' என்னும் செய்தி மட்டுமே. கோளாறு எண் 54 என்பது அதன் பொருள். என்ன கோளாறு, நோயாளிக்கு ஊறு உண்டா என்பனவற்றை அச்செய்தி விளக்கவில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி தோன்றிப் பழகியிருந்தமையால், கருவியை இயக்கிய பெண்மணி தொடருமாறு விசையை அழுத்தினார். நோயாளி இரண்டாம் முறையும் தாக்கப்பட்டார். பொறியாளர்கள் வந்து கருவியைச் சோதித்தனர். அதே கோளாற்றை அவர்களால் மீண்டும் தோற்றுவிக்க இயலவில்லை. 'எங்களிடம் ஒழுங்காக ஓடுகிறது' என்னும் விடைதான், வேறு சொற்களில். கருவி மீண்டும் பணிக்கு வந்தது. ஏப்ரல் 11ஆம் நாள் அதே பெண்மணி இயக்கிக்கொண்டிருந்தபோது மற்றொரு நோயாளி தாக்கப்பட்டார்.

இதன்பின் அம்மருத்துவமனையின் இயற்பியலாளர் செய்ததே நாம் கற்க வேண்டுவது. அவர் கருவியை நிறுத்திவைத்தார். இயக்கிய பெண்மணியைப் பழிக்கவில்லை. அவரை அருகில் அமர்த்தி, அன்று எந்த விசையை எப்போது அழுத்தினார் என்று நினைவிலிருந்து சொல்லச் செய்து, அவ்வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்வித்தார். உண்மை வெளிப்பட்டது. சிகிச்சையின் வகையைக் குறிக்கும் எழுத்தை முதலில் தவறாக இட்டு, உடனே மேலே சென்று திருத்தி, விரைந்து கீழிறங்கினால் அந்தத் திருத்தத்தை மென்பொருள் உள்வாங்கவில்லை. கருவியின் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ எட்டு நொடி ஆகும். அதற்குள் திருத்தியவருக்கே அக்கோளாறு தோன்றும். நீண்ட நாள் பழக்கத்தால் அப்பெண்மணியின் விரல்கள் மிக விரைந்தன. சோதிக்க வந்த பொறியாளரின் விரல்களோ மெல்ல நகர்ந்தன. விரைந்து செய்ய வேண்டும் என்று இயற்பியலாளர் எடுத்துரைத்த பின்னரே உற்பத்தியாளராலும் அக்கோளாற்றைக் காண முடிந்தது.

குற்றம் மென்பொருளில் இருந்தது. அதன் திறவுகோல் ஓர் ஊழியரின் நினைவில் இருந்தது. கேட்கத் தெரிந்த ஒருவர் வரும் வரை அது வெளிவரவில்லை.

தெரிந்தும் சேராத செய்தி

செவ்வாய்க் கோளை ஆய்வதற்காக அமெரிக்கா 1998 டிசம்பரில் ஏவிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்தது. ஒரு குழு விசையைப் பவுண்டு அளவையிலும் மற்றொரு குழு நியூட்டன் அளவையிலும் கொண்டதால் கணக்கு ஏறத்தாழ நான்கரை மடங்கு பிறழ்ந்தது. இதனை அறிவியல் ஆசிரியர் பலரும் வகுப்பில் சொல்லியிருப்பர். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. வழி கணிப்போர் குழுவினர் கணக்கு ஒவ்வாமையை முன்னரே கண்டிருந்தனர். கண்டதை மின்னஞ்சல்களில் பேசிக்கொண்டனரேயன்றிக் குறைகளைப் பதிவதற்கென வகுத்த முறைப்படி எழுதிப் பதியவில்லை. குழுக்களிடையே செய்திப் பரிமாற்றம் போதாமையும் இழப்பிற்கு ஒரு காரணம் என்று விசாரணைக் குழு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்தது. ஐயத்தை வாய்ச்சொல்லாக விடுவதற்கும் ஏட்டில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விண்கலத்தின் விலையாயிற்று.

பிழை அறிக்கையும் பவணந்தியாரும்

இனி என் மாணவரிடம் வருவோம். அவர் எழுதிய அறிக்கையை நினைவிலிருந்து சொல்லச் சொன்னேன். "பணம் செலுத்தும் பக்கம் வேலை செய்யவில்லை. மிக மோசமான பிழை. உடனே கவனிக்கவும்" என்பதே அது. நான் பேழையிலிருந்து நன்னூலை எடுத்துப் பாயிரத்தைப் பிரித்தேன். நூற்குற்றம் பத்து என்று முதலாண்டில் நாம் மனப்பாடம் செய்வித்த பகுதி. "தம்பி, உம் அறிக்கை இவற்றுள் எவற்றைச் செய்திருக்கிறது, பாரும்" என்றேன். சிறிது நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

எந்த உலாவியில், எந்தத் தொகையை இட்டு, எந்தப் பொத்தானை அழுத்தியபோது என்று சொல்லாமை குன்றக் கூறல். மோசமான பிழை என்றது மிகைபடக் கூறல். வேலை செய்யவில்லை என்பதோ மயங்கவைத்தல். பக்கம் திறக்கவில்லையா, திறந்து உறைந்ததா, பணம் இருமுறை கழிந்ததா? மூன்றாம் முறை அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் முந்தைய பிழைகளையெல்லாம் இழுத்து வந்தது மற்றொன்று விரித்தல். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக்கு முன் எழுந்த இலக்கணம் சென்னை அலுவலகத்துப் பிழை அறிக்கைக்கு இவ்வளவு பொருந்தும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

இருவரும் அமர்ந்து அதனைத் திருத்தி எழுதினோம். செய்த செயல்கள் வரிசையாக முதலில். எதிர்பார்த்த விளைவு அடுத்து. நிகழ்ந்த விளைவு அதன்பின். "தொகைக் கட்டத்தில் 1,500 என்று காற்புள்ளியுடன் இட்டுச் செலுத்து என்னும் பொத்தானை அழுத்தினேன். 1500 ரூபாய் செலுத்தப்படும் என்று எதிர்பார்த்தேன். 1 ரூபாய் செலுத்தப்பட்டதாகத் திரை காட்டியது. காற்புள்ளி இன்றி இட்டால் இவ்வாறு நிகழ்வதில்லை." பெயரடை ஒன்றும் இல்லை, யாரையும் குறை சொல்லும் சொல்லும் இல்லை. படித்தவர் தம் கணிப்பொறியில் அதே வரிசையைச் செய்து பார்த்தால் மறுக்க வழியில்லை. நிரலர் காற்புள்ளி இன்றி எழுதும் பழக்கத்தினர் போலும்; ஆகவே அவர் கணினியில் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை என்பதே என் மாணவருக்கு அன்று புதிய செய்தி.

தருமியை மறவாமை

இத்துறையினரிடம் நக்கீரர் கதையைச் சொன்னால் மகிழ்வர். இறைவன் பாட்டிலும் குற்றம் கண்டவரல்லரா! அவர் துணிவை நாமும் மேடைதோறும் போற்றுகிறோம். ஆயின் அக்கதையில் பொற்கிழியை நம்பி வந்து, அவை நடுவே தலைகுனிந்து, வெறுங்கையுடன் திரும்பிய தருமியை யார் நினைக்கிறோம்? அலுவலகத்தில் ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு தருமி நிற்கிறார். முந்தைய இரவு உறங்காமல் நிரலை முடித்தவர் அவர்.

ஜெரால்டு வைன்பெர்க் என்பார் 1971இல் நிரலாக்கத்தின் உளவியல் பற்றி எழுதிய நூலில், நிரலைத் தம் உடைமையாகவும் உயிராகவும் கருதுபவர்க்கு அதன் பிழை கண்ணில் படாது என்று விளக்கினார். தற்பெருமை நீங்கிய நிரலாக்கத்தை அவர் வலியுறுத்தினார். கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979இல் வெளியிட்ட சோதனைக்கலை நூலில், நிரலைப் படைத்தவரே அதைச் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றார். இது நமக்குப் புதிதன்று. இம்மலரின் அச்சுப்படியைக் கட்டுரை எழுதியவரிடமே திருத்தக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மலர்க்குழுவினர் அறிவர்.

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஃபேகன் 1976இல் வெளியிட்ட ஆய்வுமுறை இன்னும் ஒருபடி சென்றது. நிரலைக் குழுவாக அமர்ந்து படித்துப் பிழை காணும் முறை அது. அதற்கு நெறியாளர் ஒருவர் உண்டு. கூட்டத்தில் பிழையைக் கண்டு குறிப்பதே வேலை. தீர்வு தேடி வாதிடுவதன்று. அங்குக் கண்ட பிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டு நிரலரின் பணித்தகுதியை மேலாளர் மதிப்பிடலாகாது என்பது முறையின் உயிர்நாடி. மதிப்பிட்டால் மறுநாள் முதல் ஒருவரும் பிழையை வெளியே காட்டார். நம் தேர்வுத்தாள் திருத்தும் அறையிலும் இதனைக் கண்டிருக்கிறேன், விரித்தல் வேண்டா.

பயன்படுத்துவோர் நிலையில் நின்று பார்த்தலும் மென்திறனே. நம் மாணவர்க்கு இதில் இயல்பான ஓர் ஏற்றம் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட நாம், 'கடைசிப் பெயர்' கேட்கும் படிவத்தின் முன் எத்தனை முறை திகைத்திருக்கிறோம்! ஓரெழுத்தை இட்டால் ஏற்க மறுக்கும். வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறவாது. அத்திகைப்பை அறிந்தவர் சோதிக்கும் படிவம் வேறாக இருக்கும்.

வகுப்பறையில்

இத்திறன்களைச் சொற்பொழிவால் வளர்க்க இயலாது. செய்து பழக வேண்டும். சென்ற ஆண்டு முதல் என் வகுப்பில் எளிய பயிற்சி ஒன்றைச் செய்விக்கிறேன். கல்லூரி வாயிலிலிருந்து நூலகத்தில் நாளிதழ் வைக்கும் மேசை வரை செல்லும் வழியை ஒரு மாணவர் எழுத வேண்டும். மற்றொருவர் எழுதியதை மட்டும் நம்பி, எழுதியிருப்பதை அப்படியே செய்துகொண்டு நடக்க வேண்டும். எழுதியவர் பின்னால் வாய் திறவாமல் வரவேண்டும். திரும்பியதும் நடந்தவர் எங்கே தடுமாறினார் என்று சொல்ல வேண்டும்; 'நீ' என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல் சொல்ல வேண்டும். கடைசி விதிதான் அவர்களைப் பெரிதும் வருத்துகிறது.

வேலையை விட எண்ணிய மாணவர் விடவில்லை. இவ்வாண்டு பொங்கல் விடுமுறையை ஒட்டி வந்தவர், வகுப்பிற்கும் வந்து இப்பயிற்சியைத் தாமே நடத்தினார். நிரலருடன் இப்போது பேச்சு உண்டா என்று கேட்டேன். "அறிக்கை எழுதுமுன் அவர் இருக்கைக்கே சென்று ஒருமுறை செய்து காட்டிவிடுகிறேன் ஐயா. பாதிப் பிழைகள் எழுதாமலே தீர்ந்துவிடுகின்றன" என்றார்.

அன்றைய பயிற்சியில் ஒரு மாணவி எழுதிய வழியைப் பின்பற்றிய தோழி, மாடிப்படி ஏறாமல் நேரே சென்று, பூட்டிக் கிடந்த பழைய நூலகத்தின் வாயிலில் நின்றுவிட்டார். எழுதிய மாணவிக்குச் சினம். "எனக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது" என்றார். என் மாணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னர் அம்மாணவியிடம் தாளை வாங்கி, "நானும் இதை வைத்து ஒருமுறை நடந்து பார்க்கிறேன், உடன் வாருங்கள்" என்று கூறி வாயிலை நோக்கிச் சென்றார்.