தொட்டும் கேட்டும் முகர்ந்தும்: வீட்டில் குழந்தையோடு விளையாட ஒரு பாடம்



குழந்தை மருத்துவர்கள் பலமுறை கேட்டிருக்கும் ஒரு பேச்சு உண்டு. இரண்டரை வயதுப் பையனைத் தாய் மடியில் வைத்திருப்பாள். அவன் இன்னும் "அம்மா" என்று சொல்லவில்லை. மருத்துவர் ஏதும் கேட்குமுன், கூட வந்த பாட்டி முந்திக்கொண்டு, "இவன் அப்பனும் மூணு வயசுலதாங்க பேசினான், டாக்டரம்மா. எங்க குடும்பமே அப்படித்தான்" என்பார்.

"கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறானா, பாட்டி?"

"பார்ப்பானே! எதிரே நின்னு கையை ஆட்டினா ஓடி வருவான்."

அந்தப் பதிலிலேயே விஷயம் இருக்கிறது. பையன் கையசைவைக் கண்டு ஓடி வருகிறான். குரல் அவனுக்கு எட்டவில்லை. பரிசோதனை செய்து, காது கேளாததே காரணம் என்று தெரிய வரும்போது, பேச்சு வேர்விட வேண்டிய 2 அருமையான ஆண்டுகள் கழிந்துபோயிருக்கும்.

அந்தத் தாயிடமோ பாட்டியிடமோ அன்பு குறைவாக இல்லை. பிள்ளையோடு எப்படி விளையாடுவது, விளையாடும்போது எதைக் கவனிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டில் உள்ள சாமான்களைக் கொண்டே பிள்ளையின் ஐம்புலன்களுக்கும் வேலை கொடுக்கும் எளிய விளையாட்டுகளையும், அவற்றால் வரும் இரண்டு நன்மைகளையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம். முதல் நன்மை, பிள்ளையின் அறிவு வளர்கிறது. இரண்டாவது நன்மை, ஏதேனும் குறை இருந்தால் அது சீக்கிரம் கண்ணில் படுகிறது.

விளையாட்டு ஏன் அவசியம்?

பிறக்கும்போது குழந்தையின் மூளை வளர்ந்தவரின் மூளையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அளவே இருக்கிறது. இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கு அளவை எட்டிவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்தக் காலத்திலும் மூளை இவ்வளவு வேகமாக வளர்வதில்லை. அந்த வளர்ச்சிக்குத் தாய்ப்பாலும் நல்ல ஆகாரமும் தேவை. அவற்றோடு கண் காண்பதும், காது கேட்பதும், கை தொடுவதும் தேவை. பார்த்து, கேட்டு, தொட்ட ஒவ்வொன்றும் மூளையின் நரம்பணுக்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. அடிக்கடி உபயோகிக்கப்படும் இணைப்பு பலப்படுகிறது. உபயோகிக்கப்படாதது மெல்ல மறைந்துபோகிறது.

இதற்கு நல்லதொரு உதாரணம் ஜமைக்கா தீவில் கிடைத்தது. 1980-களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றிப்போயிருந்த 129 குழந்தைகளைச் சாலி கிரந்தாம்-மெக்கிரகர் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் தெரிந்துகொண்டார்கள். சில குழந்தைகளுக்குப் பால் மாவு வழங்கப்பட்டது. சிலருடைய வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, பிள்ளையோடு விளையாடுவது எப்படி என்று தாய்க்குக் காண்பித்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன; சிலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2 ஆண்டுகள் இது நடந்தது. விளையாட்டுச் சாமான்கள் பெரும்பாலும் பழைய பாட்டில், அட்டைப் பெட்டி போன்றவற்றைக் கொண்டு கையால் செய்தவையே.

முதல் முடிவுகள் 1991-இல் வெளியாயின. விளையாட்டு கிடைத்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சி முன்னேறியிருந்தது. பிள்ளைகள் வளர்ந்து 22 வயதானபின் மறுபடியும் அவர்களைச் சந்தித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிறுவயதில் விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. பால் மாவு மட்டும் பெற்றவர்களிடம் இப்படி நிலைத்த பலன் காணப்படவில்லை. ஆகாரம் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. ஆகாரத்தோடு விளையாட்டும் வேண்டும் என்பதே இதில் நாம் படிக்கும் பாடம்.

நம் நாட்டுக்கும் இந்தச் சிந்தனை புதிதல்ல. புலன்களின் வழியாகவே சிறுபிள்ளை கற்கிறது என்று போதித்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் கற்பித்தார். ஆரம்பத்தில் அவர் வேலை செய்தது மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் நடுவில்தான். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் முறை அவர் தந்தது.

வயதுக்கேற்ற விளையாட்டுகள்

*பிறந்தது முதல் 6 மாதம் வரை.* இந்த வயதில் தாயின் முகமே பிள்ளையின் முதல் விளையாட்டுச் சாமான். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதே தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருப்பது ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான்! அப்போது குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அது "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லி, அது பதில் சொல்லும்வரை காத்திருங்கள். உடம்பு துடைக்கும்போது "இது கை, இது கால்" என்று சொல்லித் தடவுங்கள். பனை ஓலைக் கிலுகிலுப்பையை ஒரு பக்கம் மெதுவாக ஆட்டி, குழந்தை கண்ணைத் திருப்புகிறதா என்று பாருங்கள்.

*6 முதல் 12 மாதம் வரை.* ஒரு கூடையில் எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, துண்டுத் துணி, தேங்காய்ச் சிரட்டை (ஓரம் வழவழப்பாகத் தேய்த்தது) ஆகியவற்றைப் போட்டுப் பிள்ளையின் முன் வையுங்கள். எடுக்கட்டும், தட்டட்டும், வாயில் வைத்துப் பார்க்கட்டும். இந்த வயதில் வாயும் ஒரு கைதான். ஆகவே எல்லாவற்றையும் முன்பே கழுவி வையுங்கள். டம்ளரைத் துணியால் மூடி "எங்கே காணோம்?" என்று கேளுங்கள். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்வது இப்படித்தான். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, கைமேல் நண்டு ஊரவிட்டு, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் பாட்டியின் விளையாட்டுக்கு ஈடாக எந்தக் கடைச் சாமானும் கிடையாது. தொடுதல், தாளம், அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு எல்லாம் அதில் இருக்கின்றன.

*1 முதல் 2 வயது வரை.* சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அமுக்கவும், உருட்டவும், கிள்ளவும் பழகும் விரல்களே நாளைக்குப் பென்சில் பிடிக்கும் விரல்கள். அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு கிண்ணங்கள் கொடுத்தால் ஊற்றி ஊற்றி விளையாடும். சலித்த மணலை ஈரமாகவும் காய்ந்ததாகவும் தொடவிடுங்கள். வெறுங்காலோடு புல்லிலும் மண்ணிலும் சிமெண்டுத் தரையிலும் நடத்திப் பாருங்கள். "சில்லுனு இருக்கு, சொரசொரன்னு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கை தொடும்போது காதில் விழும் வார்த்தை மனதில் ஒட்டிக்கொள்ளும்.

*2 முதல் 4 வயது வரை.* மூன்று விளையாட்டுகளைச் சொல்கிறோம்.

1. பைக்குள் என்ன? துணிப்பையில் கரண்டி, சாவி, வெண்டைக்காய், தேங்காய் நார் போடுங்கள். பிள்ளை பார்க்காமல் கையை விட்டுத் தடவிப் பெயர் சொல்ல வேண்டும்.

2. ஜோடி சேர்த்தல். ஒரே மாதிரியான 6 டப்பாக்களை எடுத்து, இரண்டில் அரிசியும், இரண்டில் புளியங்கொட்டையும், இரண்டில் மணலும் போட்டு, மூடியை இறுக ஒட்டிவிடுங்கள். ஆட்டிப் பார்த்து, ஒரே சத்தம் தரும் இரண்டைப் பிள்ளை சேர்க்க வேண்டும்.

3. வாசனை கண்டுபிடித்தல். கறிவேப்பிலை, எலுமிச்சம்பழத் தோல், காப்பிப்பொடி, மல்லிகைப்பூ ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பிள்ளை கண்ணை மூடி முகர்ந்து சொல்லட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மாவையோ மணலையோ தொடப் பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முதலில் கரண்டியால் தொடட்டும். பிறகு ஒரு விரலால் தொடும்.

கைப்பேசிப் படம் இதற்கு ஈடாகாது. அதைத் தொட்டால் எல்லாம் ஒரே கண்ணாடிதான். பிள்ளையின் "ங்கா"வுக்கு அது காத்திருப்பதும் இல்லை. ஒரு வயது முடிந்த குழந்தைக்கும் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

விளையாடும்போதே கவனியுங்கள்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே.

*காது.* குழந்தையின் பின்னால், அதன் கண்ணில் படாமல் நின்று, மெல்லிய சத்தம் எழுப்புங்கள். 6 மாதத்தில் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பவேண்டும். தட்டைத் தரையில் போட்டுச் சோதிக்காதீர்கள். காது கேளாத குழந்தையும் தரையின் அதிர்வை உணர்ந்து திடுக்கிடும். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவேண்டும். ஒன்றரை வயதில் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவேண்டும்.

*கண்.* 3 மாதத்தில் உங்கள் முகத்தைக் கண்ணால் பின்தொடர வேண்டும். 4 மாதத்துக்குப் பிறகும் மாறுகண் நீடித்தால் காண்பிக்க வேண்டும். கண்ணாமூச்சி விளையாடும்போது ஒரு கண்ணை மட்டும் பொத்திப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்தினால் சும்மா இருக்கும் பிள்ளை, மறு கண்ணைப் பொத்தும்போது மட்டும் கையைத் தள்ளி அழுதால், பொத்தாத கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. அது கண்புரையாகவோ, உயிருக்கே ஆபத்தான கட்டியாகவோ இருக்கலாம்.

*கை.* ஒரு வயதுக்குள் பிள்ளை எப்போதும் ஒரே கையால் எடுத்து, மற்றக் கையை மூடியே வைத்திருந்தால், "வலதுகைக்காரன்" என்று சந்தோஷப்பட வேண்டாம், மருத்துவரிடம் காண்பியுங்கள்.

வீட்டில் பார்ப்பது பரிசோதனை ஆகாது. ஐயம் எழுந்தால் மருத்துவர் பார்க்கட்டும். காதுப் பரிசோதனையைத் தூங்கும் பச்சிளங்குழந்தைக்கும் வலியில்லாமல் செய்ய முடியும். 6 மாதத்துக்குள் உதவி கிடைத்த பிள்ளைகள், தாமதமாக உதவி பெற்றவர்களைவிட நன்றாகப் பேசக் கற்கிறார்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எச்சரிக்கைகள்

- அரிசி, பயறு, மணி, பொத்தான் ஆகியவற்றைப் பிள்ளை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும். 3 வயதுவரை இவற்றை மூடி ஒட்டிய டப்பாவுக்குள் மட்டும் வையுங்கள்.
- தண்ணீர் விளையாட்டின்போது ஒரு நிமிடமும் அகலாதீர்கள். வாளியின் அடியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும். விளையாடி முடித்ததும் கொட்டிவிடுங்கள்.
- வாசனை விளையாட்டுக்குக் கற்பூரம், அந்துருண்டை, மிளகாய்ப்பொடி கூடாது. கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும்.
- 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதையும் ருசி காட்ட வேண்டாம். ஒரு வயதுவரை தேன் வேண்டாம்.

தாய்மார் கூட்டத்திலும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் கூட்டத்திலும் கலந்து பேச

1. நம் பாட்டிமார் விளையாட்டுக் காட்டிய முறைகளில் எவை இன்று வீட்டில் மறைந்துவிட்டன? எதை இந்த வாரமே மறுபடியும் தொடங்கலாம்?

2. உங்கள் அடுப்பங்கரையிலிருந்து செலவில்லாமல் எடுக்கக்கூடிய 5 சாமான்களைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் புலனுக்கு உதவும்?

3. உங்கள் தெருவிலோ சபையிலோ இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளை உண்டா? அந்தத் தாயின் மனம் நோகாமல் யார், எப்படிப் பேசலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். "உன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகவேண்டாம். ஒரு கிலுகிலுப்பையோடு போங்கள். தரையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையோடு கொஞ்ச நேரம் விளையாடுங்கள். அதன் பின்னால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அது திரும்பாவிட்டால், பக்கத்தில் இருக்கும் தாயே அதைக் கண்டுகொள்வாள். அப்போது, "வா, நாளைக்கு நான் கூட வரேன், டாக்டரிடம் காட்டிட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள்.