வெந்நீர் ஊற்றும் பச்சை குத்திய உடம்பும்

ஜப்பானுக்குப் பிரயாணம் புறப்படுகிறவர்களிடம் ஆலோசனை என்ற பெயரில் ஓயாமல் சொல்லப்படும் வதந்தி ஒன்று உண்டு: பச்சை குத்திக்கொண்டவர்கள் அந்நாட்டு வெந்நீர் ஊற்றுகளில் இறங்குவது சட்டவிரோதம் என்பது. அப்படியொரு சட்டம் அங்கே கிடையாது. பொதுக் குளியல்கூடங்களுக்கான 1948-ஆம் வருஷத்துச் சட்டம் தொற்றுநோயாளிகளைத்தான் தடுக்கிறதே தவிர, பச்சையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. சட்டத்தின் பெயரால் பயமுறுத்துகிறவர்கள் சரித்திரத்தையாவது படித்திருக்கக் கூடாதா?

ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் குற்றவாளியின் கையில் தண்டனையாகப் பச்சை குத்தினார்கள். தீயணைப்போரும் தச்சரும் முதுகு நிறையச் சித்திரம் குத்திக்கொண்டு அதைப் பெருமையாக எண்ணியதும் அக்காலத்திலேதான். மேலைநாட்டார் தம்மை அநாகரிகர் என நினைப்பார்களோ என்று அஞ்சிய, அடுத்து வந்த மெய்ஜி அரசாங்கம் 1872-இல் பச்சை குத்துவதையே தடைசெய்தது. வடக்கே அய்னு என்னும் ஆதிகுடி மாதர் உதட்டைச் சுற்றிக் குத்திக்கொண்ட பரம்பரை வழக்கத்துக்கோ முந்திய வருஷமே தடை வந்துவிட்டது. 1948-இல் தடை நீங்கிய பிறகும், பச்சை என்பது யாகுஸா எனப்படும் ரவுடிக் கும்பல்களின் அடையாளம் என்ற அபிப்பிராயம் மட்டும் நிலைத்துவிட்டபடியால், விடுதிக்காரர்கள் தத்தம் சொந்த விதியாக மறுப்புப் பலகை மாட்டினார்கள். 2013-இல், ஆதிகுடிகளின் மொழிகளைப் பற்றிய மாநாட்டுக்காக ஹொக்கைடோ வந்திருந்த நியூஸிலாந்து மாவோரிப் பெண்மணி ஒருவரை, முகத்திலிருந்த பரம்பரைப் பச்சைக்காகக் குளியல்கூடத்தில் அனுமதிக்காதது அந்த விதியின் அநியாயத்தை உலகறியச் செய்தது.

2015-இல் ஜப்பானியச் சுற்றுலாத் துறை விசாரித்தபோது, பதிலளித்த விடுதிகளில் 56 சதவீதம் மறுப்பதாகவும், 31 சதவீதம் அனுமதிப்பதாகவும், 13 சதவீதம் மூடி மறைத்தால் அனுமதிப்பதாகவும் சொல்லின. வெந்நீர் ஊற்று ஊரான கினோசாகியின் பொதுக் குளியல்கூடங்களிலும், மட்சுயாமா நகரின் பழம்பெரும் தோகோ வெந்நீர்க் குளியல்கூடத்திலும் தடையே இல்லை. ஆகவே, முன்கூட்டிக் கேட்டறிந்து போவதே முறை.

பிரயாணிகளுக்குச் சொல்லப்படும் மற்ற உபதேசங்களுக்கு இவ்வளவு விவாதம் வேண்டியதில்லை. 15, 30, 45 பாகை என அளந்து குனிந்து வணங்குவது கம்பெனி ஊழியர்களுக்குக் கற்பிக்கும் பாடம். வெளிநாட்டாரிடம் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நூடுல்ஸைச் சத்தமிட்டு உறிஞ்சாவிட்டால் சமைத்தவருக்கு அவமானம் என்பதும் வீண்பேச்சு. இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை என்பது மட்டும் மெய்.

பிரயாணிகள் உண்மையில் மீறும் விதியோ வேறு: தொட்டியில் இறங்குமுன் சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புத் தேய்த்து, நுரை போக உடம்பு முழுவதும் கழுவிக்கொள்ள வேண்டும், துண்டை நீரில் நனைக்கலாகாது. இதைப் பழகச் சிறந்த இடம், மலைச்சாரல் விடுதியைவிட, ஊருக்குள் இருக்கும் சென்டோ என்னும் பொதுக் குளியல்கூடம்தான். 1968-இல் ஏறக்குறைய 18,000 இருந்த சென்டோக்கள் இன்று 2,000-க்கும் கீழே குறைந்துவிட்டன. கட்டணத்தின் உச்சவரம்பை மாகாண நிர்வாகமே நிர்ணயிப்பதால் செலவு சொற்பம். பெரும்பாலானவற்றில் பச்சைக்கும் தடையில்லை. தங்கியிருக்கும் தெருவில் ஒன்று இருக்குமானால், ஒரு சாயங்காலமாவது அங்கே போய் வாருங்கள்.