திறவாத பெட்டி

இளமையில் தொலைத்த விளையாட்டுப் பொருளை வளர்ந்தபின் விலைகொடுத்து மீட்க விழைவது மனித இயல்பே. ஆயின் மேலைநாட்டு ஏலக்கூடங்களில் அன்னார் மீட்பது எதனை என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் பொருள்.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதன் மாந்தரைப் பொம்மைகளாகச் செய்யும் உரிமை பெற்ற கென்னர் நிறுவனத்தால் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் அவற்றைச் செய்துமுடிக்க இயலவில்லை. ஆதலின் ஓர் அட்டை உறையும், ஒட்டுப்படங்களும், பின்னர் அஞ்சலில் பொம்மை பெறுதற்குரிய சீட்டுமே கடைகளில் விற்கப்பட்டன. வெறும் உறையைப் பரிசாகப் பெற்ற சிறுவர், 1978இல் நான்கு பொம்மைகள் வரும்வரை காத்திருந்தனர். வந்ததும் உள்ளங்கையில் அடங்கும் அவற்றை மண்ணில் உருட்டினர், தேய்த்தனர், தொலைத்தனர். பொம்மைகள் அதற்காகவே செய்யப்பட்டன.

அச்சிறுவர் வளர்ந்து பொருளீட்டித் தேடியபோது சந்தையில் பெருவிலை பெற்றவை எவை? பெட்டி திறவாதவை. அத்தகையவற்றை அக்ரிலிக் பேழையில் அடைத்து மதிப்பெண் இடும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. உறையைக் கிழித்த குழந்தை விலையையும் கிழித்துவிட்டது!

இன்னும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1979இல் 'போபா ஃபெட்' என்னும் பாத்திரத்தின் பொம்மை, முதுகிலிருந்து ஏவுகணை பாயுமாறு வடிவமைக்கப்பட்டது. அக்காலத்தே வேறொரு பொம்மையின் சிறு ஏவுகணை தொண்டையில் அடைத்து ஒரு சிறுவன் மாண்டான். அஞ்சிய நிறுவனம் ஏவுகணையை அசையாமல் ஒட்டியே விற்பனைக்கு அனுப்பியது. ஏவுகணை பாயும் மாதிரிகளுள் ஒன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. எந்தக் கடையிலும் விற்கப்படாத பொம்மை அது. எவருடைய இளமை அதில் உள்ளது?

பொருளன்று, பொருள்மேல் எழும் மயக்கமே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் உரைப்பதை அறிவோம். அம்மயக்கம் நினைவின் வேடம் பூண்டு வருவதை இங்குக் காண்கிறோம். அமெரிக்கரை மட்டும் சொல்வானேன்? பேரனுக்கு வாங்கிய காரை, "உடைத்துவிடுவாய்" என்று பெட்டியோடு ஷோகேஸில் வைத்துப் பூட்டுவோர் நம்மிலும் உளர்.

எனினும் சேர்ப்பவர் அனைவரையும் ஒருசேரப் பழித்தல் முறையன்று. ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனம் செய்த பழைய கரடிப் பொம்மை ஒன்றைப் பாப் ஹென்டர்சன் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி சிறுவயது முதல் இறுதிநாள் வரை உடன் வைத்திருந்தார். அவர்தம் மகள் விளையாட்டாக அதற்குப் பெண்ணுடை அணிவிக்க, அது 'டெடி கேர்ள்' என்று பெயர் பெற்றது. அவர் மறைந்தபின் 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1,10,000 பவுனுக்கு ஜப்பானியர் ஒருவர் அதனை வாங்கினார். அதற்குப் பெட்டி இல்லை. ஒரு குடும்பம் கையாண்ட பொம்மை என்பதே அதன் பெருமையாயிற்று.