துண்டு யார் கையில்?



நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வெளிநாட்டுக் கூடைப்பந்துக் கழக ஒப்பந்தத்தின் பதினொரு பக்கத்தையும் நேற்றிரவு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தேன். "கையெழுத்து வைக்கவா, பதுளைக்கே வந்துவிடவா சேர்?" என்று கேட்டிருக்கிறாய். மாதம் எழுநூறு டொலர் என்றதும் அம்மா வாயடைத்துப் போனாளாம். போகத்தானே செய்வாள். தோட்டத்தில் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆக 2024 வரை காத்திருந்தவள் அவள்.

கையெழுத்து வைக்கும் முன் ஒரு பழைய கதை கேள். உன் பாட்டனின் பாட்டன் காலத்தில், நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு மடுல்சீமைக்குப் போக நினைத்தால் காலில் தெம்பு இருந்தால் போதாது. துண்டு வேண்டும். கங்காணியிடம் ஆளுக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. போகிற தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். கட்டிய கடன் மறுபடி ஆளின் தலையிலேயே ஏறும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

கூடைப்பந்திலும் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு நாட்டில் ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆடப் போனால், முந்தைய நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் களமிறங்க முடியாது. பழைய கழகத்தோடு ஒப்பந்தம் பாக்கி இருந்தால் அதை மறிக்கலாம். பாக்கி இல்லையென்றால் கொடுத்தே ஆகவேண்டும். அப்படி ஒப்பந்தம் முடிந்தவரை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். ஃப்ரீ ஏஜென்ட் என்றால் வேலை போனவள் என்று லயத்தில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். உன் துண்டு உன் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்தத் தாளில் அது உன் கையில் இல்லை. ஆறாம் பக்கத்தைப் பார். ஒப்பந்தம் ஒரு வருடம், இன்னொரு வருடம் நீட்டும் உரிமை கழகத்துக்கு மட்டும். அந்த இரண்டாம் வருடச் சம்பளம் எழுதப்படவே இல்லை. எட்டாம் பக்கம் இன்னும் மோசம்: காயம்பட்டு உட்கார்ந்தால் பாதிச் சம்பளம். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டு, அவளுக்கு உடனே விளங்கும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்களே, அதேதான். மலையில் கொழுந்து இருந்ததா, மழை அடித்ததா என்று கணக்கில் எழுதுவதில்லை.

சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவாய்? ஜெனீவாவில் கூடைப்பந்துக்கென்றே ஒரு நடுத்தீர்ப்பு மன்றம் 2007 முதல் இருக்கிறது. ஆனால் பிணக்கு அங்கே போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். உன் பதினொரு பக்கத்தில் அந்த வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. முகவர் சர்வதேசச் சம்மேளனத்தின் உரிமம் பெற்றவரா என்றும் கேள். பாஸ்போட் உன் பையில்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதே. கொழும்பில் ஒரு தாளில் கையெழுத்திட்டு, இறங்கிய இடத்தில் வேறு தாள் நீட்டப்பட்ட கதையை வளைகுடாவிலிருந்து வந்த அக்காமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள்தானே நீ.

சரி, இங்கே வந்தால்? அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இங்கே ஆட்டத்துக்கென்று சம்பளம் இல்லை. வங்கியோ கம்பனியோ படையோ வேலை தரும், அதற்காக ஆடுவாய். பதுளைக்கு வருவதாகச் சொல்கிறாய், ஆனால் அந்த வேலைகள் கொழும்பில்தான். எனக்கும் ஒரு கம்பனி வேலை தந்தது, கரப்பந்து ஆட. முழங்கால் போன வருடமே வேலையும் போனது. நியமனக் கடிதம் என்று ஒன்று வாங்காமலே மூன்று வருடம் குதித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே உள்ளூர் என்றால் பத்திரம் என்று நினைக்காதே.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார். வலைப்பந்துதான், ஆனாலும் நம் கதைக்கு நெருக்கமானவர். செலான் வங்கிக்கு ஆடியவர், மெல்பனில் கழகங்களுக்கும் ஆடினார். 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் இலங்கைக்காக ஆசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். உன் ஆட்டத்திலேயே வேண்டுமென்றால் கீத்து அன்னா ஜோஸ். சென்னையில் தென்னக ரயில்வேயில் வேலை. அவுஸ்திரேலியாவின் ரிங்வுட் கழகத்துக்கு ஆடிவிட்டு, 2011-இல் அமெரிக்க மகளிர் லீக்கில் மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி ஆடினார், 2014-இல் அர்ஜுனா விருது வந்தது. இருவரும் வெளியே போனபோது ஊரில் கால் வைக்க ஓர் இடம் இருந்தது. உனக்கு இன்னும் அது இல்லை, அதனால்தான் இந்தத் தாளை இவ்வளவு துருவுகிறேன்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. பெரட்டுக்களத்தில் சைக்கிள் ரிம்மைக் கம்பத்தில் கட்டி எறிந்து பழகிய பிள்ளை நீ. வழுக்காத பலகைத் தரையில், உன்னைவிட உயர்ந்தவர்களோடு ஒரு சீசன் முட்டி மோதினால் வருகிற ஆட்டம் இங்கே வராது. ஆனால் இந்தத் தாளோடு போகாதே. நீட்டிப்பு இரு பக்கமும் சம்மதித்தால் மட்டும், காயத்துக்கு முழுச் சம்பளமும் வைத்தியமும், பிணக்குக்கு ஜெனீவா. இந்த மூன்றையும் எழுதிக் கேள். உன்னை உண்மையிலேயே வேண்டுகிற கழகம் இரண்டையாவது தரும். ஒன்றும் தராவிட்டால் அடுத்த சீசன் வரை இரு.

ஞாயிறு காலை பசறை பஸ்ஸில் வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. தாளைக் கொண்டு வா. பேனா வேண்டாம்.

உன் சேர்