இருதய மாத்திரையும் நம் கடை அலமாரியும்

நமது சங்கத்து அங்கத்தினர்களில் 50 வயதைத் தாண்டிய பலருடைய சட்டைப் பையில் ஒரு சிறிய பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டி இருப்பதைக் காண்கிறோம். மார்பு வலி கண்டவுடன் நாவின் கீழ் வைத்துக்கொள்ளும் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரைதான் அது. இதனையும் பிற இருதய மருந்துகளையும் பற்றி, இவற்றோடு சேரக்கூடாத வஸ்துக்களைப் பற்றி, இவ்விதழில் எழுத விரும்புகிறோம். ஏனெனில் அந்த வஸ்துக்களில் சில நம் கடை அலமாரியிலேயே இருக்கின்றன.

பாறை பிளக்கும் டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரினே இந்த மாத்திரை என்றால் சிலர் திடுக்கிடலாம். 1879ஆம் ஆண்டில் லண்டன் டாக்டர் வில்லியம் மர்ரல் இதை மிகச் சொற்ப அளவில் மார்பு வலிக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். இரத்தக் குழாய்களை விரியச் செய்வதே இதன் வேலை. அதனால் இருதயத்தின் பாரம் குறைகிறது. அதே காரணத்தால் தலைவலியும், எழுந்து நின்றால் தலைச்சுற்றலும் உண்டாகின்றன. ஆகவே கல்லாவின் முன் நின்றபடி வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ள வேண்டும். புட்டியை விட்டு வேறு டப்பாவில் மாற்றினால் மருந்தின் வீரியம் போய்விடும்.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறோம். ஆண்மைக் குறைவுக்கு டாக்டர்கள் கொடுக்கும் சில்டனாபில், தடாலாபில் என்னும் மருந்துகளும் இரத்தக் குழாய்களை விரிப்பவையே. இவற்றில் ஒன்று மேற்சொன்ன மாத்திரையோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டனாபில் உட்கொண்டு 24 மணி நேரத்திற்குள்ளும், தடாலாபில் உட்கொண்டு 48 மணி நேரத்திற்குள்ளும் மார்பு வலி மாத்திரையை வைக்கலாகாது.

"நாம் அதையெல்லாம் சாப்பிடுவதில்லையே" என்பார்கள் சகோதரர்கள். தெரிந்து சாப்பிடுவதில்லை என்பதே சரி. ஆண்களுக்கு வலிமை தரும் என்று விற்கப்படும் கோப்பித் தூள் பாக்கெட்டுகளில் இம்மருந்துகள் கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய சுகாதார அமைச்சும் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையமும் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கின்றன. பாக்கெட்டின் மேலே மூலிகைப் பெயர்கள்தாம் அச்சிடப்பட்டிருக்கும். குடிக்கிறவருக்கும் தெரியாது, விற்கிற நமக்கும் தெரியாது. லாபம் அதிகம் என்று ஏஜெண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

இதில் வெட்கம் ஒரு பெரிய சத்துரு. "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்கும்போது, பக்கத்தில் மகன் நிற்பதால் தகப்பனார் வாய் திறப்பதில்லை. மகனைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

மூட்டு வலிக்கு நாம் வாங்கும் சரக்கும் இப்படித்தான். சில ஜாமு மாத்திரைகளில் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது உடம்பில் நீரைத் தேக்கிக் கொதிப்பையும் சர்க்கரையையும் ஏற்றும். டைக்லோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை ஆஸ்பிரினோடோ வார்பரினோடோ சேர்த்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். வார்பரின் சாப்பிடுகிறவர் கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறையவும் மறு வாரம் ஒன்றுமில்லாமலும் உண்பதுதான் தொல்லை. கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதைச் சளி என்றெண்ணி மாதக்கணக்கில் சிரப் குடிக்க வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

நோன்பைப் பற்றியும் கேட்கிறார்கள். மாத்திரை வேளைகளை ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பிசோப்ரோலால் போன்றவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்தினால் மார்பு வலி திரும்பி வரக்கூடும். பகலில் வலி கண்டால் நோன்பு முறியுமே என்று புட்டியைத் தொடாமல் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நாவின் கீழ் வைக்கும் மார்பு வலி மாத்திரை, தொண்டைக்குச் செல்வதை விழுங்காதிருந்தால், நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. இதில் ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். எப்படியானாலும் நோயாளிக்குச் சலுகை உண்டு. விட்ட நோன்பைக் களாச் செய்துகொள்ளலாம்.

வலி வந்தால் உட்கார்ந்து ஒரு மாத்திரையை வைத்துக்கொள்ளவும். 5 நிமிடத்தில் தணியாவிடில் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் நாளோ அதற்கு முந்திய நாளோ மேற்சொன்ன கோப்பியைக் குடித்திருந்தால் மாத்திரையை வைக்காமல் உடனே அழைத்து, ஆம்புலன்ஸில் வருகிறவர்களிடம் அந்தக் கோப்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.