ஒரு கிரவுண்டில் எவ்வளவு தற்சார்பு?

சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. சென்ட் கணக்கில் ஐந்தரை. வீட்டை இடித்துவிட்டு மனை முழுக்க நெல் நட்டாலும் ஒரு போகத்துக்கு 100 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உமியும் தவிடும் போக மிஞ்சும் அரிசியை வைத்து ஒரு ஆள் ஓராண்டைத் தள்ளுவதே சிரமம். ஆகவே தற்சார்பு என்று கிளம்புகிறவர்கள் அரிசியையும் பருப்பையும் மளிகைக் கடைக்கே விட்டுவிடலாம். நகரத்து மனையிலிருந்து கிடைக்கக்கூடியவை தண்ணீர், உரம், கீரை, கொஞ்சம் மின்சாரம். பலர் கீரையில் தொடங்கி மே மாதத்தில் டேங்கர் லாரித் தண்ணீரை ஊற்றி அதைக் காப்பாற்றுகிறார்கள்.

செய்ய வேண்டியவை

மொட்டைமாடியை முதலில் கணக்கெடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். ஆவியானதும் வழிந்ததும் போக ஒரு லட்சம் லிட்டர் கைக்கு வரும். 12,000 லிட்டர் லாரி எட்டு முறை வந்து போனதற்குச் சமம். சிக்கல் என்னவென்றால், இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தொட்டியில் பிடித்தது போக மீதியை மண்ணுக்குள் அனுப்பியாக வேண்டும்.

2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் குழாய் இல்லாத வீடு குறைவு. குழி தூர்ந்து கிடக்கிற வீடுகளோ ஏராளம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது இந்த ஊருக்குத்தான். செப்டம்பரில் மாடியைக் கூட்டிக் கழுவுங்கள். குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். முதல் மழையைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கில் சாதாரணக் குழியே போதும். களிமண் பகுதியில் குழிக்குள் துளை போட்டு மணல் அடுக்கு வரை இறக்காவிட்டால் நீர் அப்படியே தேங்கி நிற்கும். பழைய கிணறு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வடிகட்டிய மாடி நீரை அதற்குள் திருப்பினால் வேறு குழியே வேண்டாம்.

குளித்த தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் விடுங்கள். பச்சையாகத் தின்கிற எதற்கும் விட வேண்டாம்.

சமையலறைக் குப்பையை மனையை விட்டு வெளியேற விடாதீர்கள். பக்கவாட்டில் துளையிட்ட ஒரு டிரம்மில் ஒரு கை காய்கறித் தோல், அதன்மேல் இரண்டு கை சருகு என்று போட்டு வந்தால் நாற்றமே வராது. சருகுதான் பலருக்குத் தட்டுப்பாடு. தெரு கூட்டுகிறவர்களிடம் கேட்டால் சாக்குக் கணக்கில் கிடைக்கும், அவர்களுக்கும் சுமை குறையும். இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார்.

வாரம் இருமுறை காசு கொடுத்து வாங்குவதை மட்டும் விதையுங்கள். சிறுகீரை 25 நாளில் தட்டுக்கு வரும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கும் கொடிப்பசலைக்கும் விதைகூட வேண்டாம், தண்டைக் கிள்ளி நட்டால் போதும். கத்தரி, மிளகாய், வெண்டையை ஆடிப்பட்டத்தில் போடலாம். கறிவேப்பிலைக்குத் தொட்டியைவிடத் தரைதான் பொருத்தம். சென்னை வெயிலில் ஸ்ட்ராபெரி நட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

செய்யக்கூடாதவை

மாடியில் செம்மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஒரு கன அடி ஈர மண் 45 முதல் 50 கிலோ வரை இருக்கும். தேங்காய்நார்த் தூளும் மட்கிய உரமும் கலந்தால் பாரம் பாதியாகும்; நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். செடிப் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில், ஸ்டாண்டு மேல் வையுங்கள். அடியில் ஈரம் நின்றால் தளம் ஒழுகத் தொடங்கும்.

மின்கம்பிக்கோ ஓட்டுக் கூரைக்கோ பக்கத்தில் முருங்கை வைக்காதீர்கள். சென்னை மரங்களுக்குக் காற்று என்ன செய்யும் என்பதை 2016 டிசம்பரில் வர்தா புயல் காட்டிவிட்டுப் போனது. முருங்கைக் கிளைக்கு அவ்வளவு பெரிய புயல்கூடத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கவாத்து செய்து குட்டையாக வைத்தால் காய் பறிக்கவும் கை எட்டும்.

எந்தத் தண்ணீரையும் திறந்து வைக்காதீர்கள். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. மேல்நிலைத் தொட்டியும் கிணறும்தான் அதற்கு இஷ்டம். டெங்குக் கொசுவுக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டே போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். தொட்டிக்கு இறுக்கமான மூடி, கிணற்றுக்கு வலை, தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்து உலர்த்துவது: இவற்றில் சலுகை கிடையாது. செடி வளர்க்கிற வீட்டால் தெருவுக்கே காய்ச்சல் வந்தால் பிறகு யாரும் உங்கள் கீரையை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

கரண்டு போனாலும் சோலார் காப்பாற்றும் என்று நம்பி வாங்காதீர்கள். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் சாதாரண அமைப்பு, வெளியே மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனின் உயிருக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்கு பேட்டரி வேண்டும், அதற்குச் செலவு தனி. மற்றபடி ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி இடமும் நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட்டும் என்று கணக்கிடலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தில் பலகையைப் பொருத்த வேண்டாம்.

சாதத்தையும் மீன் முள்ளையும் உர டிரம்மில் போடாதீர்கள். பெருச்சாளி வரும், வந்தால் போகாது.

சேவல் வாங்காதீர்கள். முட்டையிடக் கோழிக்குச் சேவல் தேவையில்லை, விடிகாலையில் கூவி எழுப்பினால் பக்கத்து வீட்டார் பொறுக்க மாட்டார்கள். கோழியையும் லாபக் கணக்கில் வளர்க்க வேண்டாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டை இட்டாலே அதிகம். தீவனச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் கடை முட்டைதான் மலிவு. கோழி வளர்க்கப் பிடித்தால் மட்டும் இரண்டு வாங்கி விடுங்கள்.